கொல்லைப்புறத்துத் தென்னை

நிலவுரிமை பற்றிப் பேசக் கல்லூரிகளுக்குப் போகும்போதெல்லாம் மாணவர்கள் ஏக்கர் கணக்கில்தான் கேட்கிறார்கள். பஞ்சமி நிலம் எத்தனை லட்சம் ஏக்கர், அதில் எவ்வளவு மீட்டோம், எவ்வளவு மனைப்பிரிவு ஆனது என்று. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இன்று சென்ட் கணக்கில் எழுதுகிறோம். அதிலும் வீடு கட்டியது போக மிஞ்சும் அரை சென்ட், கால் சென்ட்டைப் பற்றி. நம் கொல்லைப்புறத்தில் முளைப்பது, ஊர்வது, பறப்பது பற்றி.

எங்கள் ஊர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஆயாவின் கைக்குப் பேர் உண்டு. எதை ஊன்றினாலும் பிடிக்கும். ஆடியில் அவரையும் சுரையும் போடுவார், கொடி கூரை மேல் ஏறிவிடும். புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிடுவார், காய் சுருளாமல் நீளும். குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் சேப்பங்கிழங்கு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் பொன்னாங்கண்ணி. அசுவினி அடித்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவார். செடிக்கென்று தனியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதே கிடையாது. குடிக்கவே ஒரு மைல் நடந்த காலம் அது.

இவ்வளவு இருந்தும் ஆயாவின் தோட்டத்தில் ஒரு மரம்கூட இல்லை. முருங்கை மட்டும்தான். அதையும் மரமாக யாரும் மதிப்பதில்லை. ஒரு காற்றுக்கு ஒடிந்துவிடும், போத்தை ஒடித்து வேறிடத்தில் நட்டால் தழைத்துவிடும்.

"ஏன் ஆயா, ஒரு தென்னங்கன்னுகூட வைக்கல?" என்று ஒருமுறை கேட்டோம்.

"மனை அவங்களுது. தென்ன காய்க்க அஞ்சாறு வருசம் ஆவும். அத நட்டா, அதுவரைக்கும் இங்கியே இருப்பேன்னு சொல்ற மாதிரி ஆயிடுமே. சும்மா வுடுவாங்களா?"

தென்னை நட்டால் மனை கேட்பான் என்று நிலக்காரர் வீட்டில் பயந்தார்கள். மனையை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். அதனால் முந்தானையில் விதையாக முடிந்து எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடியதை மட்டும் ஆயா வளர்த்தார். கொடி, கீரை, முருங்கைப் போத்து. அவருடைய செடித் தேர்வுக்குள் ஒரு நிலவுடைமைச் சட்டமே இருந்தது என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

இது எங்கள் ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு, 1892-ல், அதன் தொடர்ச்சியாகத்தான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நில ஒதுக்கீடு வந்தது. அந்தக் காலத்து விவாதங்களில் ஏக்கருக்கு இணையாகப் பேசப்பட்ட இன்னொன்று உண்டு, அது சேரி மனை. குடிசை நிற்கும் இடமும் மிராசுதாருடையது என்றால், கூலி போதாது என்று வாய் திறப்பவரை அடக்க "மனையைக் காலி பண்ணு" என்ற ஒரு சொல் போதும். சங்கிலி தேவையில்லை.

1971-ல்தான் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைகளை அங்கு குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் குடிசை நிற்கும் தரையோடு நிற்கவில்லை. வீட்டை ஒட்டி, அதில் வசதியாக வாழத் தேவையான இடத்தையும் சேர்த்தே மனை என்று சொன்னது. அதாவது கொல்லைப்புறமும் உரிமையில் சேர்த்தி. நம்மில் பலர் இந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பட்டா வந்தது 1980-களில். தலைக்கட்டுக்கு மூன்று சென்ட், சுமார் 1,300 சதுர அடி. பட்டா கைக்கு வந்த வாரமே அம்மா கடன் வாங்கி இரண்டு தென்னங்கன்றுகள் கொண்டுவந்தார். தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அந்த வருடம் தென்னைதான் நட்டார்கள். காய்க்கு ஆசைப்பட்டு மட்டும் அல்ல. போகமாட்டோம் என்று சொல்ல எங்களுக்குத் தெரிந்த வழி அது.

மரம் வந்த பிறகுதான் மற்றவை வந்தன. எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி என்று நிலைத்து நிற்கும் செடிகள் வந்ததும் அவற்றைத் தேடி உயிர்கள் வந்தன. கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கும். அது எச்சம் அல்ல, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். அம்மா அதைக் கிள்ளிப் போட விடமாட்டார். "அது தின்னது போவ நமக்கு" என்பார். துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு தொங்கும். சிலந்தி நூலையும் பட்டைத் துணுக்கையும் சேர்த்துப் பெண்சிட்டு தனியாகக் கட்டியது. குஞ்சு பறக்கும்வரை அந்தக் கம்பியில் துணி போடமாட்டோம்.

எங்களுக்குப் பிடித்தவை தவிட்டுக்குருவிகள். ஏழெட்டாகத்தான் வரும். உதிர்ந்த இலையைப் புரட்டிப் பூச்சி தேடும். ஒரு குஞ்சுக்குக் கூட்டமே இரை ஊட்டும். பாம்போ பூனையோ தெரிந்துவிட்டால் எல்லாம் சேர்ந்து கத்தித் தெருவையே கூட்டிவிடும். சங்கம் என்றால் என்ன என்று எங்களுக்கு முதலில் காட்டியவை அவைதான்.

பறவைகளின் பெயர்களைப் புத்தகத்தில் தேடிய வயதில் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் தென்னை மேல் இரண்டு விதப் பருந்துகள் வட்டமிடும். மார்பு வெளுத்து உடல் செம்பழுப்பாக இருப்பது செம்பருந்து. ஊரார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பிராமினி கைட் என்று பெயர். குப்பைமேட்டைச் சுற்றும் கரும்பழுப்புப் பருந்துக்குப் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் வைத்த பெயர் பரையா கைட். தெருநாய் பரையா டாக். குப்பையில் பசியாறுவது எதுவோ அதற்கு எங்கள் சாதியின் பெயர். ஆனால் கருடனும் செத்த மீனைத் தின்னும், மீன்பிடித் துறைமுகத்தில் கழிவைப் பொறுக்கும். அதன் பெயர் மட்டும் கெடவில்லை. பரையா கைட் இன்று பிளாக் கைட் ஆகிவிட்டது. பிராமினி கைட் பிராமினியாகவே பறக்கிறது. தமிழ் மட்டும் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். பல ஊர்களில் வண்ணத்துப்பூச்சிக்குப் பாப்பாத்தி என்று பெயர். அழகாக, மென்மையாக, உழைக்காமல் பறப்பதற்கு யார் பெயரை வைத்தார்கள் என்று யோசியுங்கள்.

தோட்டம் என்றால் பூவும் சிட்டும் மட்டும் அல்ல, பாம்பும்தான். நம் காலனிகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, வயலை ஒட்டி இருப்பவை. தெருவிளக்கு கடைசியாக வந்து முதலில் அணைவது நம் பக்கம்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள், களை பறிப்பவர்கள், அறுப்பவர்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிறது. கட்டில் இல்லாத வீடு யாருடையது என்பதும் ஒரு சாதிக் கேள்விதான்.

பாம்பை அடிப்பதில் விடிவில்லை. சாரைப்பாம்பு இருக்கும் கொல்லையில் எலி குறையும். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருளர் மக்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறது. அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுத்த நாட்டில் இன்னும் எத்தனையோ இருளர் குடும்பங்கள் பட்டா கேட்டு மனுவோடு நிற்கின்றன. உங்கள் வீட்டில் செய்யக்கூடியது: சுவரை ஒட்டி விறகையும் செங்கல்லையும் அடுக்காதீர்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள், முடிந்தால் கொசுவலை கட்டித் தூங்குங்கள். கடித்துவிட்டால் மந்திரிக்க வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது மாடித்தோட்டம் பெரிய பேச்சு. மானிய விலையில் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவின் தொகுப்பு வீடுகளில் பாதிக்கு மேல் கூரை கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதன் மேல் ஈர மண்ணை யார் ஏற்றுவார்கள்? நகரத்து மாடிகளில் போடும் 'ஆர்கானிக்' உரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டுக் குப்பையை வாங்கி, பிரித்து, மக்க வைத்து உரமாக்குகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அந்தத் தக்காளியைப் 'நஞ்சில்லா உணவு' என்று கொண்டாடுகிற வீட்டில், குப்பை வாங்க வருகிறவருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

எங்கள் சின்னம்மா குடும்பம் சென்னையில் ஆற்றோரம் நாற்பது வருடம் இருந்தது. இப்போது நகருக்கு வெளியே ஏழாவது மாடியில் இருக்கிறது. ஆற்றோரத்தில் அவர்களிடம் பட்டா இல்லை, ஆனால் மண் இருந்தது. பப்பாளியும் வாழையும் இருந்தன. மாடியில் ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது, மண் இல்லை. பெயின்ட் வாளியில் பொன்னாங்கண்ணி வைத்திருக்கிறார். லிப்ட் ஓடாத நாளில் அந்த மண்ணைத் தலையில் சுமந்து ஏற்றியவர் அவர்தான். "காலையில ஒரு மணி நேரம் வெயிலு. புறா மட்டும்தான் வருது" என்றார். வீடு கொடுத்துவிட்டோம், இனி என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த வாளியைத்தான் காட்ட வேண்டும். நமக்கு வீடு என்று வரையும்போது ஏன் படுக்கவும் சமைக்கவும் மட்டும் அளக்கிறார்கள்? பிள்ளைகள் மண்ணில் கைவைக்க ஓர் இடம் வேண்டும் என்று ஏன் எந்த வரைபடத்துக்கும் தோன்றவில்லை?

தோழர்களே, ஏக்கருக்கான போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. 1994 அக்டோபர் 10-ல் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு தீரவில்லை. அதோடு இந்தச் சின்னக் கணக்கையும் எடுங்கள். உங்கள் காலனியில் ஒவ்வொரு வீட்டு மனையையும் அளந்து எழுதுங்கள். பட்டாவில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா என்று பாருங்கள். கொல்லைப்புறத்தைத் தின்று நகர்ந்து வந்த வேலி யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். புதுக் குடியிருப்புக்கான கூட்டம் நடந்தால், அறை எத்தனை என்று கேட்டதோடு, மண் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

வயதான பெண்களிடம் உட்கார்ந்து, எந்தச் செடியை வைக்க விட்டார்கள், எதை வைக்க விடவில்லை என்றும் கேளுங்கள். எந்த ஆவணத்திலும் இல்லாத நில வரலாறு அவர்களிடம் இருக்கிறது. எங்கள் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் முடிச்சிலிருந்து வந்த அவரை விதை இன்னும் எங்களிடம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம். ஆடிக்கு முன்னால் கேளுங்கள்.