உயிரைக் காட்டாத கருவி

விஞ்ஞானக் கதை என்றால் நம் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். ராக்கெட், ரோபோ, பச்சை நிறத்துப் பெண்கள் இவற்றோடு முடிந்துவிடுகிற சமாசாரம் அது. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாகவும் பையன்களுக்குப் பொழுதுபோக்காகவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற தாராளம். இந்தத் தாராளத்திலுள்ள அலட்சியம் எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காக விஞ்ஞானக் கதை முழுவதற்கும் வக்காலத்து வாங்கவும் உத்தேசமில்லை. 'ஸ்டார் ட்ரெக்' என்ற பழைய அமெரிக்க டெலிவிஷன் தொடரில் இரண்டே இரண்டு கதைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை என்.பி.சி.யில் வந்தது. மொத்தம் 79 கதைகள். கடைசிக் கதை ஒளிபரப்பாகி ஏழு வாரம் முடிவதற்குள் நிஜ மனிதன் சந்திரனில் இறங்கிவிட்டான். இங்கே 1980களில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இதைக் காட்டியது. என் சித்தப்பா மொட்டை மாடி ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவர். ஸ்பாக்கின் முகத்தில் பச்சைச் சாயல் உண்டு என்பது அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். நான் பார்த்தது சமீபத்தில், கணினியில், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, வரிசையாக, ஒன்று விடாமல்.

வரிசையாகப் பார்த்ததில் ஒரு லாபம், பிரமை எதுவும் மிஞ்சவில்லை. 79ல் பாதிக்கு மேல் தேறாது. காப்டன் கிர்க்குக்குச் சட்டை கிழியாமல் சண்டை போடத் தெரியாது. ஒரு கிரகத்தில் ரோமாபுரி, இன்னொன்றில் சிகாகோ ரௌடிகள், மற்றொன்றில் நாஜி உடுப்பு. பிரபஞ்சம் முழுக்க சினிமா கம்பெனியின் உடைக் கிடங்கு. 1966லேயே ஒரு கறுப்பினப் பெண்ணைக் கப்பலின் மேல்தளத்தில் அதிகாரியாக உட்கார வைத்தது பெரிய காரியம்தான். ஆனால் உஹுராவுக்கு வாய்த்த வசனம் பெரும்பாலும் டெலிபோன் ஆபரேட்டருடையது. மூன்றாம் வருஷத்தில் ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போகும் கதை ஒன்றுண்டு. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

இருந்தும் ஏன் பார்த்தேன் என்றால், இத்தொடரின் ஏழ்மை எனக்குப் பிடித்திருந்தது. எல்லாக் கிரகத்திலும் அதே அட்டைப் பாறைகள். பின்னாலிருக்கும் வானத்துக்கு மட்டும் நிறம் மாறும். 2006லிருந்து இக்கதைகளைத் துடைத்து மெருகேற்றி, பொம்மைக் கப்பலை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கப்பலை வைத்தார்கள். இரண்டையும் பார்த்தேன். பழையதுதான் மேல். மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியின் தினைப்புனம் என்பது பின்னால் தொங்கும் ஒரு படுதா. விடிய விடிய அதைத் தினைப்புனமாக்குவது பாட்டும் தர்க்கமும்தான். அட்டைப் பாறையும் அப்படித்தான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் பேச்சு வேலை செய்தாக வேண்டும். நான் சொல்லப் போகும் இரண்டு கதைகளிலும் பேச்சு வேலை செய்கிறது. இரண்டின் எழுத்திலும் ஜீன் கூனின் கை இருக்கிறது; இரண்டையும் இயக்கியவர் ஜோசப் பெவ்னி. 1967ல் இரண்டு வார இடைவெளியில் ஒளிபரப்பானவை. இரண்டும் ஒரே கேள்வியை இரு முனைகளிலிருந்து கேட்பவை என்பது அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. உயிர் இருக்கிறது, இல்லை என்று தீர்மானிப்பது யார் என்பது கேள்வி.

பின்னால் வந்ததை முதலில் சொல்கிறேன். 1967 மார்ச் 9. 'இருளில் ஒரு பிசாசு' என்று தமிழில் பெயர் வைக்கலாம். ஜேனஸ் 6 என்ற கிரகத்தில் ஒரு சுரங்கம். தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கருகிச் சாகிறார்கள். ஆனால் கருவிகளுக்கு அங்கே மனிதர்களைத் தவிர வேறு உயிர் எதுவும் தென்படவில்லை. கருவிகள் பொய் சொல்லவில்லை. அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்த உயிர் கார்பனால் ஆனது. அதைத்தான் அவை தேடுகின்றன. சுரங்கத்திலிருப்பதோ சிலிக்கனால் ஆன ஹோர்ட்டா, பாறையைக் கரைத்துக்கொண்டு பாறைக்குள் நடமாடும் பிராணி. ஸ்பாக்குக்குச் சந்தேகம் வருகிறது. கையிலிருக்கும் ட்ரைகார்டரைத் திருத்துகிறார். அதற்குப் பிறகுதான் அது இருப்பது தெரிகிறது. சுரங்கத்தார் ஆயிரக்கணக்கில் உடைத்துப் போட்ட, ஒன்றை அதிகாரியின் மேஜை மேல் அழகுக்கு வைத்திருந்த, அந்த உருண்டைக் கற்கள் அதன் முட்டைகள்.

ஹோர்ட்டா என்பது ஜானோஸ் ப்ரோஹாஸ்கா என்ற நடிகர் ஒரு போர்வைக்குள் புகுந்து தவழ்வது. அது கண்ணுக்குத் தெரிகிறது, சிரிப்பும் வருகிறது. பிறகு ஸ்பாக் அதன் மேல் கை வைத்து, அதன் வலியைத் தன் வாயால் கத்துகிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. அதற்கு முன் ஒரு நுட்பமான இடம். கொல்லத்தான் வேண்டும் என்று உத்தரவிட்ட கிர்க், அது தன் எதிரே தனியாக வந்து நின்றபோது சுடாமல் நிற்கிறார். உயிரோடு பிடிக்கலாம் என்று வாதாடிய ஸ்பாக், நண்பனுக்கு ஆபத்து என்றதும் சுடச் சொல்கிறார். கொள்கைகள் முகத்துக்கு முகம் நிற்கும்போது இடம் மாறிக்கொள்கின்றன. ஹோர்ட்டா பாறையில் எழுத்தைப் பொறிக்கிறது. பொறித்தது 'என்னைக் கொல்லாதே' என்பதா, 'நான் கொல்லமாட்டேன்' என்பதா? இரண்டுக்கும் இடம் வைத்தே எழுதியிருக்கிறார் கூன்.

பாறையில் எழுத்து என்றதும் மதுரைக்காரனுக்கு வேறு ஞாபகம் வரும். மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி என்று இச்சமவெளியில் எழும் மொட்டைப் பாறைகளில் 2000 வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. சமணத் துறவிகளுக்கு வெட்டிக்கொடுத்த படுக்கைகள் இருக்கின்றன. அந்தப் பாறைகளில் பலவற்றைக் கிரானைட் பலகைகளாக அறுத்து ஏற்றுமதி செய்துவிட்டோம். அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. ஏலத்தின் கருவி அங்கே டங்ஸ்டனைக் கண்டது. பருந்தையும் சுனையையும் கிடையாட்டையும் காண அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இரண்டாவது கதை 1967 பிப்ரவரி 23ல் வந்தது. எமினியார், வெண்டிகார் என்ற இரு கிரகங்களுக்கு 500 வருஷமாக யுத்தம். குண்டு விழுவதில்லை, வீடு இடிவதில்லை. யுத்தத்தைக் கம்ப்யூட்டர்கள் நடத்துகின்றன. இன்ன இடத்தில் தாக்குதல், இத்தனை பேர் சாவு என்று கணக்கு வருகிறது. கணக்கில் வந்தவர்கள் 24 மணி நேரத்துக்குள் தாமாக நடந்துபோய் ஒரு சாவடிக்குள் நுழைந்து பஸ்பமாகிவிட வேண்டும். இவர்கள் பெயர்களோடு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனான் 7, மியா 3. நம் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் பிரஜைகளின் பெயரை இரண்டெழுத்துக்குச் சுருக்கியது எனக்கு நினைவு வந்தது. ஒருவரைக் கணக்கில் ஏற்றுவதற்கு முதல் வேலை பெயரைக் குறைப்பது. வியத்நாமில் யுத்தத்தின் வெற்றி தோல்வியை எதிரிப் பிணங்களை எண்ணி அமெரிக்க ராணுவம் அளந்துகொண்டிருந்த வருஷம் இது என்பதையும் மறக்கக் கூடாது. அதே நாட்டின் வீட்டுக் கூடத்தில், விளம்பரங்களுக்கு நடுவே, இதைக் காட்டினார்கள்.

கதையில் என்னை உலுக்கியது அந்தக் கணக்கு இல்லை, மியா 3. அவள் இறந்துவிட்டதாகக் கணக்கு வந்துவிட்டது. அழவில்லை, ஓடவில்லை. போகத் தயாராக இருக்கிறாள். தான் போகாவிட்டால்தான் தப்பு என்று நினைக்கிறாள்.

இதை மிகை என்று ஒதுக்க என் உத்தியோகம் இடம் தரவில்லை. நான் வங்கியில் கிளார்க். ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷன்காரர்கள் தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். 80 வயதானவர்களுக்கு அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். 2014லிருந்து இதற்கு 'ஜீவன் பிரமாண்' என்ற முறை உண்டு. ஆதார் எண்ணைத் தட்டி, கைரேகையைக் கருவியில் வைத்தால் போதும். எத்தனையோ முதியவர்களுக்கு அலைச்சலைக் குறைத்த முறை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து இறந்தவரின் மனைவி ஒருவர், மேலூர்ப் பக்கம், போன நவம்பரில் வந்தார். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த கை. எந்த விரலை வைத்தாலும் கருவி ஏற்கவில்லை.

"என்ன தம்பி சொல்லுது? நான் இல்லேங்குதா?"

"ரேகை விழமாட்டேங்குது ஆத்தா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி வைத்தார், மறுபடி துடைத்தார். குற்றம் தன் விரலில் இருப்பதாக நினைத்துத் துடைக்கிற துடைப்பு. காகிதப் படிவம் ஒன்றை எடுத்துப் பூர்த்தி செய்து, மை தடவி அதே கட்டைவிரலை அமுக்கினேன். காகிதம் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி அதுவும் செல்லும். அன்று கவுன்டரில் அந்தப் படிவம் இருந்தது.

இனி இக்கதைகளின் தீர்வுகளுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஆட்சேபம். எமினியாரில் கிர்க் கம்ப்யூட்டர்களை உடைத்துவிடுகிறார். நிஜ யுத்தத்தின் பயம் வந்தால் சமாதானம் தானே வரும் என்கிறார். டெலிவிஷனில் 50 நிமிஷத்துக்குள் கதையை முடித்தாக வேண்டும், சரி. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் கருவியை உடைக்க முடியாது, உடைத்தால் பென்ஷனும் வராது. ஜேனஸிலோ தீர்வு இன்னும் சங்கடமானது. ஹோர்ட்டாவும் அதன் குஞ்சுகளும் சுரங்கம் தோண்டித் தரும், தொழிலாளர்கள் உலோகத்தை அள்ளிக்கொள்வார்கள், எல்லோருக்கும் லாபம். உயிர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதற்கு வேலையும் கொடுத்தாகிவிட்டது. தோண்டத் தெரியாத பிராணியாக இருந்திருந்தால்? அரிட்டாபட்டிப் பருந்தால் யாருக்கும் லாபமில்லை. பார்வையாளனின் மனசைச் சாந்தப்படுத்திப் படுக்கைக்கு அனுப்பும் அவசரத்தில் கூன் தன் கேள்வியைத் தானே கைவிட்டுவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

கைவிடாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஸ்பாக் ட்ரைகார்டரைத் திருத்தும் அந்தச் சில நிமிஷம். அதில் சண்டை இல்லை, பிரசங்கம் இல்லை, பின்னணி இசைகூடக் காதில் நிற்பதில்லை. உயிர் இல்லை என்று கருவி சொல்கிறது. எதிரே மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்பதை ஒருவர் பொருட்படுத்துகிறார். 79 கதைகளில் விஞ்ஞானம் என்று நான் ஒப்புக்கொள்ளக்கூடியது அதுதான். அவர் கையில் கருவி இருந்தது, அதைத் திருத்தும் அதிகாரமும் இருந்தது. எங்கள் கவுன்டரில் கருவி மட்டும்தான் இருக்கிறது.