முத்திரை குத்துபவருக்கு ஒரு முத்திரை

எனது சிறு பராயத்தில், சுன்னாகம் சந்தைக்கு நிறுவை அளவைப் பரிசோதகர் வருகின்ற நாள் ஒரு திருவிழா நாள் போன்றது. வியாபாரிகள் தத்தமது தராசுகளையும் இறாத்தல் படிகளையும் அவர் முன்னே கொண்டுவந்து அடுக்குவார்கள். அவர் தமது பெட்டியைத் திறந்து, மினுக்கிய பித்தளைப் படிகளை எடுத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, சரியானவற்றில் முத்திரை குத்துவார். ஒருமுறை வெங்காய வியாபாரி ஒருவர் பகிடியாக, "ஐயா, எங்கடை படியை நீங்கள் நிறுக்கிறியள். உங்கடை படியை ஆர் நிறுக்கிறது?" என்று கேட்டார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை. "கொழும்பிலை இதைவிடத் திறமான படி இருக்கு. இந்தப் பெட்டியை நான் அங்கை கொண்டுபோய்க் காட்டவேணும்" என்றார்.

அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் மறந்திருந்தேன். 2014ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோதுதான் அது மீண்டும் நினைவுக்கு வந்தது.

அவர் வலிகாமத்தில் சிறிய அரைக்கும் ஆலை ஒன்றை நடத்துபவர். மிளகாய்த்தூள், ஒடியல் மா, அரிசி மா ஆகியவற்றைப் பொதி செய்து விற்பவர். பன்னிரண்டு பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். 2009இல் ஏ9 வீதி மீண்டும் திறந்த பின்னர், யாழ்ப்பாணத்துப் பொருளுக்குப் புலம்பெயர்ந்த நாடுகளில் எழுந்த கேட்பை நம்பித் தொழிலைப் பெருப்பித்தவர். ரொறன்ரோவில் உள்ள மொத்த வியாபாரி ஒருவர் உணவுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 22000 சான்றிதழ் இருந்தால் தொடர்ந்து வாங்குவதாகச் சொல்ல, நகையை அடகு வைத்து அதனைப் பெற்றிருந்தார். பெற்றுக்கொள்ள எடுத்த காலம் பத்து நாட்கள். ஆலையைப் பார்க்க வந்தவர் ஒருவரே; தேநீர் அருந்தி, படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஆலைக்கான கைந்நூலை எழுதிக் கொடுத்தவரும் அவரே. சான்றிதழைக் கொடுத்தவரும் அவரே.

ரொறன்ரோ வியாபாரி சான்றிதழைத் திருப்பி அனுப்பி ஒரு வரி எழுதியிருந்தார்: இதனைத் தந்தவரை அங்கீகரித்தவர் யார்?

"ஐயா, இந்தப் பேப்பரை ஒருக்காப் பாருங்கோ" என்று அவர் மேசையில் வைத்தவை இரண்டு. ஒன்று சான்றிதழ். மற்றையது எங்கள் பத்திரிகையில் முந்திய ஆண்டில் வெளியான ஒரு செய்தியின் நறுக்கு. வேறொரு நிறுவனம் அதே ஆளிடம் பெற்ற சான்றிதழுக்கு, 'சர்வதேசத் தரச்சான்றிதழ் பெற்றது யாழ். நிறுவனம்' என்று மூன்று பத்தியில் தலைப்பிட்டு, படமும் போட்டு, நான் எழுதிய செய்தி.

"நீங்கள் எழுதினதைப் பாத்துத்தான் ஐயா அவரிட்டைப் போனனான்."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அரசியல்வாதி சொன்ன ஒரு வாக்கியத்தை மூன்று இடங்களில் விசாரித்து எழுதுகின்ற நான், ஒரு சான்றிதழின் கீழ்ப்பகுதியில் இருந்த சிறிய எழுத்துகளை வாசிக்காமலே மூன்று பத்திச் செய்தி எழுதியிருந்தேன். அன்று மாலை பூதக்கண்ணாடியோடு வாசித்தேன். சான்றளித்தவரை 'அங்கீகரித்ததாக' ஒரு சபையின் பெயர் இருந்தது. இணையத்தில் தேடினால் அந்தச் சபைக்கும் சான்றளித்த நிறுவனத்துக்கும் முகவரி ஒன்றே. வெங்காய வியாபாரியின் கேள்விக்கு, 'என் படியை நானே நிறுத்துக்கொள்கிறேன்' என்று பதில் சொல்வது போன்ற ஏற்பாடு அது.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுவது, அந்த மூன்று பத்திக்கான பிராயச்சித்தம் என்று கொள்க.

ஐ.எஸ்.ஓ. என்னும் அமைப்பு 1947 முதல் நியமங்களை எழுதி வெளியிடுகின்றது. எவருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. சான்றளிப்பவை வேறு நிறுவனங்கள். அந்நிறுவனங்கள் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கும் 17021 என்ற இலக்கத்தில் ஒரு நியமம் உண்டு. ஆலோசனை கூறி ஏற்பாடுகளை அமைத்துக் கொடுத்தவரே, அதனைச் சோதித்துச் சான்றும் வழங்குவதை அது தடுக்கின்றது. சான்றளிக்கும் நிறுவனங்கள் இந்நியமத்தின்படி நடக்கின்றனவா என்று பார்ப்பவையே அங்கீகாரச் சபைகள். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தினால் அத்தகைய சபை ஒன்று நிறுவப்பட்டது. 'ஸ்லாப்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது. பிரித்தானியாவில் 'யுகாஸ்', இந்தியாவில் 'என்.ஏ.பி.சி.பி.' ஆகியவை அதே பணியைச் செய்கின்றன. இச்சபைகள் ஒன்றையொன்று பரிசோதித்து ஏற்றுக்கொள்வதற்குப் பன்னாட்டு உடன்படிக்கைகளும் உள்ளன. பரிசோதகரின் பெட்டி கொழும்புக்குப் போன கதைதான் இது.

அங்கீகாரம் பெறாத நிறுவனங்கள் எல்லாம் மோசடி செய்பவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவற்றின் படியை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. கடல் கடந்து இருக்கின்ற வியாபாரி அதனை நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னர் கேட்க வேண்டியவை சில. உங்களை அங்கீகரித்த சபை எது? அந்தச் சபை வெளியிடும் பட்டியலில் உங்கள் பெயர் உண்டா? அங்கீகாரம் எமக்கு வேண்டிய நியமத்துக்கும் எமது தொழில் வகைக்கும் உரியதா? ஐ.எஸ்.ஓ. 9001க்கு அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனம் 22000க்கும் பெற்றிருக்க வேண்டுமென்பதில்லை. கணக்காய்வுக்கு எத்தனை நாட்கள் நிற்பீர்கள்? முறையான சான்றளிப்பில் முதற் கணக்காய்வு இரண்டு கட்டங்களாக நடைபெறும். சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். இடையில் ஆண்டுதோறும் வந்து பார்ப்பார்கள். அந்த வருகைகளுக்கான கட்டணத்தையும் முதலிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பலர் முதலாண்டுத் தொகையை மட்டும் பார்த்து மலிவென்று மயங்குகின்றார்கள்.

இன்னுமொன்று. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறைக்கான சான்று. மிளகாய்த்தூளுக்கான சான்று அன்று. பொருளுக்குரியது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வழங்கும் எஸ்.எல்.எஸ். முத்திரை. எதனைக் கேட்கின்றார் என்பதை வாங்குபவரிடமே தெளிவாகக் கேட்டறிந்த பின்னர் செலவு செய்வது நல்லது.

அந்தப் பெண்மணி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டார். தெரிவு செய்த நிறுவனத்தின் பெயரைக் கொழும்புச் சபையின் பட்டியலில் நாங்கள் இருவரும் சேர்ந்தே சரிபார்த்தோம். வந்த கணக்காய்வாளர் தேநீருக்கு முன்னர் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டாராம். எந்த மூடை மிளகாய் எந்தப் பொதிக்குள் போனது என்று பதிவேட்டில் காட்டச் சொன்னாராம். பதினொரு குறைகளை எழுதி வைத்துவிட்டுப் போனார். அவற்றைத் திருத்திச் சான்றிதழைக் கையில் எடுக்க ஓராண்டுக்கு மேல் சென்றது. அதற்குள் ரொறன்ரோ வியாபாரி வேறிடத்தில் வாங்கத் தொடங்கிவிட்டார். இப்போது இலண்டனுக்குச் சிறு அளவில் அனுப்புகின்றார். நகை மீளவில்லை.

"பதினொரு குறை எண்டதும் பயந்திட்டீரோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. குறை சொல்லேக்கைதான் இவை உண்மையாப் பாக்க வந்தவை எண்டு நம்பிக்கை வந்தது."

யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் தைமாதத்தை ஒட்டி நடக்கும் வர்த்தகக் கண்காட்சிக்குப் போகும்போது, கடைகளின் பின்சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் சான்றிதழ்களை இப்போது கிட்டப் போய் வாசிக்கின்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் குனியும் இந்தக் கிழவனைச் சிலர் விநோதமாகப் பார்க்கின்றார்கள். இளைய செய்தியாளர் எவராவது கூட வந்தால், படம் எடுப்பதற்கு முன்னர் கீழே உள்ள சிறிய எழுத்துகளை வாசிக்கச் சொல்கின்றேன். அந்த நறுக்கு இன்னமும் என் மேசை இலாச்சிக்குள் இருக்கின்றது.