அலுமினிய யன்னல் போடப்போறவைக்கு ஒரு நீண்ட பதிவு

கொஞ்சம் நீளம், பொறுமையா வாசியுங்கோ. மானிப்பாய், சண்டிலிப்பாய், ஆனைக்கோட்டைப் பக்கம் இப்ப நிறைய வீடுகள் எழும்புது. முதிரையும் தேக்கும் வாங்கிற விலையில இல்லை, கறையான் வேற. அதால எல்லாரும் அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் மாறுகினம். நாங்களும் மாறினோம். யாரிட்டக் குடுத்தீங்கள், எப்படிப் பிடிச்சீங்கள் எண்டு கேக்கிறவைக்குத்தான் இது.

யன்னல் எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சனம் நாங்கள். புத்தளத்தில வருசக்கணக்கா ஓலைக்கொட்டிலில இருந்தோம். 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது பலபேருடைய வீடுகளில நிலையும் இல்லை, கதவும் இல்லை. 1995இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் திரும்பிவந்த எங்கட அயலவருக்கும் இதே கதைதான். சுவரில ஓட்டை இருக்கிற வீட்டில படுத்த ஆக்களுக்கு, பூட்டக்கூடிய யன்னல் எண்டால் என்னவெண்டு தெரியும்.

எங்கட பக்கத்து வீட்டு அக்கா போன வருசம் வங்கிக் கடன் எடுத்து வேலை குடுத்தவ. நூற்றுக்கு எழுபது முற்பணம் வாங்கின ஆள், நாலு நிலையைப் பூட்டிவிட்டுப் போனை நிப்பாட்டிட்டார். கண்ணாடி வரேல்லை. வாடை மழைக்குத் தரப்பாள் கட்டித்தான் சமாளிச்சா. கையில ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லுது. நெருங்கின ஆளிட்ட எழுதிக் கேட்டால் மரியாதையில்லை எண்டு நாங்கள்தான் நினைக்கிறோம்.

நாங்கள் மூண்டு பேரைக் கூப்பிட்டோம். மூண்டு பேரும் சதுர அடிக் கணக்கில விலை சொன்னவை, பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் துண்டிலதான் இருந்தது. ஆளுக்கொரு மாதிரித் துண்டு வாங்கி, வேணியர் இடுக்கிமானியால சுவர்த் தடிப்பை அளந்தோம். (பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது வீட்டுக்கும் உதவட்டும்.) ஒண்டு 1.2 மில்லிமீற்றர், மற்றது 0.9க்கும் குறைவு. விலை ஒண்டுதான்! மெல்லிய துண்டில திருகாணி பிடிக்காது. இரண்டு வருசத்தில நிலை ஆடும்.

திருகாணியையும் கேளுங்கோ. எங்களுக்குக் கடல் தூரமில்லை. உப்புக் காத்தில இரும்புத் திருகாணி துருப்பிடிச்சு, சுத்தியிருக்கிற அலுமினியத்தையும் அரிக்கும். துருப்பிடியாத உருக்குத் திருகாணி எண்டு எழுதி வாங்குங்கோ. சிலிக்கனிலயும் இரண்டு வகை. வினாகிரி மணக்கிறது சீமெந்தில சரியா ஒட்டாது.

சறுக்கு யன்னலில கீழ்த் தண்டவாளத்தில, வெளிப்பக்கம் தண்ணி போக ஓட்டை இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லாட்டிக் கார்த்திகை மழையில தண்ணி நிறைஞ்சு அறைக்குள்ள வழியும். பூட்டி முடிய ஒரு செம்பு தண்ணி ஊத்திப் பாத்தாலே தெரிஞ்சிடும். அதுக்குக் காசும் இல்லை, படிப்பும் தேவையில்லை.

குளியலறைக் கதவு, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் கட்டாயம் கடுமைப்படுத்தின கண்ணாடி, அதாவது ரெம்பர்ட் கிளாஸ். உடைஞ்சால் கத்திமாதிரி நிக்காது, சின்னச் சின்ன மணியாக் கொட்டும். ஆனால் செய்தபிறகு வெட்டேலாது. அதால பூச்சு வேலை முடிஞ்ச பிறகுதான் அளவெடுக்க வேணும். அகலம் மேல, நடு, கீழ எண்டு மூண்டு இடம், பிறகு இரண்டு மூலைவிட்டமும். ஒரு ஆள் ஒரு இடத்தில மட்டும் ரேப் பிடிச்சு எழுதிக்கொண்டு போனார். அவரை அதோட விட்டிட்டோம்.

நாங்கள் பிடிச்ச தம்பிக்குச் சின்னப் பட்டறைதான். வந்தவுடன விலை சொல்லேல்லை. "டீச்சர், சோளகம் எந்தப் பக்கத்தால வீட்டுக்குள்ள வரும்?" எண்டு கேட்டார். நாலடி சறுக்கு யன்னல் பூட்டினால் இரண்டடிதான் திறபடும், படுக்கையறைக்குத் திறக்கிற யன்னல் போடுங்கோ எண்டார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடிக்கிற மோகம் எங்களுக்கும் இருந்தது. சித்திரை வெயிலில அடுப்பாப் போகும் எண்டு அவர்தான் மறிச்சவர். தனக்கு வாற காசைத் தானே குறைச்சவர்.

அவர் மூண்டு வருசத்துக்கு முதல் செய்த வீட்டைப் போய்ப் பாத்தோம். போன கிழமை செய்த வீடு எல்லாம் வடிவாத்தான் இருக்கும். வீட்டுக்காரரிட்ட இல்லை, நாளாந்தம் திறந்து பூட்டுற அம்மாவிட்டக் கேட்டோம். சில்லு ஒருக்கா மாத்தினதாம், கூப்பிட்ட மற்ற நாளே வந்தவராம்.

2022இல ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறினபோது சொன்ன விலையில ஒருத்தராலும் நிக்க முடியேல்லை. அதால விலைக்கூற்றில அது எத்தனை நாளைக்குச் செல்லும் எண்டும், நுளம்பு வலை, பூட்டு, போக்குவரத்து உள்ளடக்கமோ எண்டும் எழுதுவிச்சோம். காசு நாலு தரம்: சாமானுக்கு, நிலை பூட்ட, கண்ணாடி பூட்ட, கடைசிப் பத்து வீதம் முதல் பெருமழைக்குப் பிறகு. தம்பி முகம் கோணாமல் கையெழுத்து வைச்சார்.

அந்தப் பத்து வீதம் இன்னும் எங்களிட்டத்தான் இருக்கு. மழை வரட்டும். வாற சனிக்கிழமை அவர் அக்கா வீட்டுக்கு அளவெடுக்க வாறார். எங்கட யன்னலைப் பாக்க விரும்புறவை அண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்கோ, தேத்தண்ணி இருக்கும்.