அல்சூர் ஏரிக்கரையில்

பெங்களூர் வரும் தமிழன்பர்கள் கண்டு செல்லத் தக்க இடம் அல்சூர் ஏரிக்கரை. 1950-ஆம் ஆண்டில் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இங்கேதான் இருக்கிறது. 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் இவ்வேரியின் அருகே உள்ளது. சோமேசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும்.

அண்மையில் ஒரு மாலை, அத்தெருக்களில் ஒரு காட்சியைக் கண்டேன். திருப்பத்தூரிலிருந்து மகள் வீடு தேடி வந்த மூதாட்டி ஒருவர், முகவரிச் சீட்டும் கையுமாக நின்றார். எதிரே வந்த இளைஞனை நிறுத்தினார். அவன் நல்லவனே. உடனே தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து அவர்முன் நீட்டினான். அம்மையாருக்கோ அந்த நீலக்கோடு ஒன்றும் விளங்கவில்லை. அவனும் அவ்வூருக்குப் புதியவன். அக்கோடு இன்றேல் அவனும் வழியறியான். பூ விற்கும் பெண் ஒருத்தி, "பாட்டி, அந்தப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மாவு மில்லுக்குப் பக்கத்துச் சந்து" என்று எழுந்து வந்து காட்டினாள்.

இல்லம் திரும்பும் வரையில் இதுவே என் சிந்தனையாயிற்று. நம் பெற்றோர் கன்னடம் கற்ற பள்ளி எது? வழி கேட்ட தெருமுனைதான். "எல்லி?" என்று கேட்டு, "எடக்கடெ, பலக்கடெ" என்ற விடையைப் பெற்று, இடமும் வலமும் அறிந்தார்கள். பேருந்து நடத்துனரிடம் சில்லறைக்கு வழக்காடி எண்களைக் கற்றார்கள். கேட்டதனால் மொழி வந்தது. மொழியால் அண்டை வீட்டாரின் உறவு வந்தது.

இன்று கேட்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. வழியை வரைபடம் சொல்லும். ஆட்டோவைச் செயலி அழைக்கும். 2022 முதல் மெட்ரோ ரயிலுக்கு வாட்ஸ்ஆப்பிலேயே சீட்டு வாங்கலாம். 2016-இல் தொடங்கிய யுபிஐ முறையால் இளநீருக்கும் கீரைக்கும் வாய் திறவாமலே விலை கொடுக்கலாம்.

இவற்றைக் குறை கூறுவது என் கருத்தன்று. இதே பழைய சென்னைச் சாலை வழியே கிழக்கே சென்றால் தூரவாணி நகர் வரும். தூரவாணி என்பது தொலைபேசிக்குக் கன்னடப் பெயர். 1948-இல் அங்கே நிறுவப்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நாடெங்கும் தொலைபேசிகளை அனுப்பியது. ஆயினும் ஊரிலுள்ள தாயோடு பேச, டிரங்க் காலுக்குப் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இன்று அத்தாய் பேரனின் முகத்தை நாள்தோறும் காண்கிறாள். இப்பேற்றை யார் இகழ்வார்?

ஆயினும், கேளாத பழக்கத்திற்கு இந்நகரம் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. 2012 ஆகஸ்டில், தாக்கப்படுவீர்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவியபோது, வடகிழக்கு மாநிலத்தவர் பல்லாயிரவர் அஞ்சி ரயிலேறினர். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்ற வாட்ஸ்ஆப் வதந்தியை நம்பிய கூட்டம், பிழைப்புத் தேடி ராஜஸ்தானிலிருந்து வந்த இளைஞர் ஒருவரைச் சாமராஜப்பேட்டையில் அடித்துக் கொன்றது. நீ யார், எங்கே போகிறாய் என்று பொறுமையாய்க் கேட்டிருந்தால் அவ்வுயிர் போயிருக்குமா?

நம் கதையும் வேறன்று. 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கல் மூண்டபோது, பெங்களூரில் தமிழ் இளைஞர் ஒருவர் அடிபட்ட காட்சியும், தமிழகத்தில் கன்னடர் ஒருவர் அடிபட்ட காட்சியும் கைக்குக் கை பரவின. 12-ஆம் நாள் பேருந்துகள் எரிந்தன. 1991-இலும் கலவரம் நிகழ்ந்தது. அன்று கைப்பேசி இல்லை. ஆகவே பகையைப் படைத்தது கருவி என்று கூறேன். பகைக்குக் கால் முளைப்பித்தது அது. அக்காலை முடக்க வல்லது அண்டை வீட்டாரின் நட்பு ஒன்றே. முகமறிந்த கன்னடரைப் பற்றி வரும் பொய்யை நாம் எளிதில் நம்பமாட்டோம். நம்மைப் பற்றி வரும் பொய்யை அவரும் நம்பமாட்டார்.

எனவே, தமிழ்க் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாளேனும் பிள்ளைகளுடன் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வெளியே செல்லுங்கள். வழியைக் கன்னடத்தில் கேட்கச் சொல்லுங்கள். பிழையாகக் கேட்டாலும் தாழ்வில்லை. திருத்திச் சொல்ல இந்நகரத்தார் தயங்குவதில்லை. யாரேனும் உங்களிடம் வழி கேட்டால், திரையைக் காட்டாதீர்கள். அந்தப் பூக்காரப் பெண்ணைப் போல நாலடி உடன் நடந்து காட்டுங்கள்.