நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனை வந்தது

கடலை மூட்டை அடுக்கிய வீட்டில் எலி வராமல் இருக்காது. மருந்து வைக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் மணி இருக்கிறான். புரோமோடையலான் கட்டியைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் நாய்க்கும் உடம்புக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அதனால்தான் பூனை வளர்ப்பது என்று முடிவெடுத்தோம்.

மணி ஆறு வயது நாட்டு நாய். கீரிப்பிள்ளையையும் அணிலையும் துரத்தியே வளர்ந்தவன். “ஒரே நாள்ல கடிச்சுப் போட்டுடும் பாருங்க” என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அவர் பயத்தில் நியாயம் உண்டு. குட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கி, ‘தானாகப் பழகட்டும்’ என்று விடுவதுதான் வழக்கம். பயந்த குட்டி ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம்.

குட்டிக்கு இரண்டு மாதம். முதல் வாரம் முழுக்கச் சாமான் அறையை விட்டு வெளியே விடவில்லை. மலம் கழிக்க ஒரு தட்டில் மணல். குட்டி படுத்த சாக்கை மணியின் திண்ணையில் போட்டேன். அவன் சாக்கு உள்ளே போனது. நாய் மோப்பத்தில்தான் யாரையும் அறியும். முதல் நாள் மோந்துவிட்டு உறுமினான். நான்காம் நாள் அதன்மேலேயே படுத்துவிட்டான். பிறகு, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் அவனுக்குச் சோறு, அந்தப் பக்கம் குட்டிக்கு. தினமும் தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவருகே நகர்த்தினோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் கூத்தாகத் தெரிந்தது. “மருமகள் வந்தப்பகூட இவ்வளவு பார்க்கலையே!”

பத்தாம் நாள் சாயங்காலம், மணி தோட்டம் சுற்றிக் களைத்த பிறகு, நேருக்கு நேர் காட்டினோம். கயிறு என் கையில். குட்டி தப்பி ஏறப் பரண் இருந்தது. தூக்கிப் பிடித்துக் காட்டக் கூடாது. பிடித்தவர் கைதான் கிழியும். வால் ஆடுவதை மட்டும் நம்ப வேண்டாம். உடம்பு விறைத்து, கண் எடுக்காமல் பார்த்தால் அது வேட்டைப் பார்வை. அதட்டாமல் திருப்பி நடத்திப் போய்விட வேண்டும். அதட்டினால், பூனை வந்தாலே திட்டு விழும் என்றுதான் நாய் புரிந்துகொள்ளும். மணி பார்வையை விலக்கி என் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுத்தேன். முதல் நாள் ஐந்து நிமிடம்தான். பிறகு நேரத்தைக் கூட்டினோம். கயிறில்லாமல் விட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

மூன்று மாதம் முடிந்ததும் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். மணிக்கு ஆண்டுதோறும் போடுகிறோம். பூனை கடித்தாலும் வெறிநோய் வரும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஒரே திண்ணையில் படுக்கிறார்கள், இரண்டடி இடைவெளி விட்டு. பூனை வேகமாக ஓடினால் மணி இன்னும் நாலு எட்டு வைக்கிறான். அதனால் வீட்டில் ஆள் இல்லாதபோது பூனை சாமான் அறைக்குள். கோழிக்குஞ்சு விஷயத்தில் மணியை நம்பலாம், பூனையை நம்ப முடியவில்லை. குஞ்சுக் கூண்டைச் சுற்றிப் போன வாரம்தான் கம்பிவலை அடித்தேன்.