பனியின் எடை

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து 50ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே மலையேறும்போது, அமெரிக்கன் ஆற்றின் தென்கிளை வெகுதூரம் கூடவே வருகிறது. ஏறத்தாழ 90 மைல் போனதும் பிலிப்ஸ். சியரா நெவாடா மலைத்தொடரில், பைன் மரங்கள் சூழ்ந்த ஒரு புல்வெளி. பார்ப்பதற்கு வேறொன்றும் கிடையாது. 1941 முதல் இங்கே பனியை அளந்து வருகிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன்.

தொடையளவு பனி. அளவையாளர்கள் அலுமினியக் குழாயைச் செங்குத்தாகச் செருகித் திருகி இறக்கினார்கள். முனை மண்ணைத் தொட்டதும் உருவி, ஒட்டிய மண்ணைச் சுரண்டிவிட்டு, உள்ளிருந்த பனியோடு தராசில் தொங்கவிட்டார்கள். பிறகு சில அடி தள்ளி மறுபடியும்.

“எத்தனை அடி ஆழம்?” என்று கேட்டேன்.

“எடையைக் கேளுங்கள்” என்றார் ஒருவர்.

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். இறுகிய பழம்பனியோ அதே ஆழத்தில் பல மடங்கு நீரை வைத்திருக்கும். ஆற்றில் வரப்போவது அந்த நீர். குழாயின் உள்விட்டம் 1.485 அங்குலம். அதனால் தராசில் ஓர் அவுன்ஸ் ஏறினால், பனிக்குள் ஓர் அங்குல உயர நீர் இருக்கிறது என்று பொருள். விறைத்த விரல்களோடு மலையில் நிற்பவர் கணக்கே போட வேண்டாம். என்ன அழகான யோசனை!

இந்தக் குழாயின் மூலவடிவத்தைச் செய்தவர் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த ஜேம்ஸ் சர்ச். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுன்ட் ரோஸ் மலையில் பனியை எடைபோட்டு, வசந்தத்தில் தாஹோ ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே கணித்தார். பனி வழக்கத்தில் எத்தனை சதவீதமோ, நீர்வரத்தும் ஏறத்தாழ அத்தனை சதவீதம் என்பது அவர் முறை.

2023 ஏப்ரலில் இதே பிலிப்ஸில் பத்தடிக்கும் மேல் பனி. அதற்குள் 54 அங்குல நீர். 2015 ஏப்ரல் 1 அன்றோ வெறும் புல். அந்தப் புல்லில் நின்றுதான் மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், நகரங்களின் நீர்ப் பயன்பாட்டில் 25 சதவீதக் குறைப்பை அறிவித்தார்.

2021இல் பனி ஓரளவு இருந்தும், கணித்த நீர் ஆறுகளுக்கு வந்து சேரவில்லை. வறண்டு கிடந்த மண் உருகிய நீரைக் குடித்துவிட்டது. அதனால்தான் பனிக்கு அடியிலுள்ள மண்ணின் ஈரத்தையும் கணிப்பில் சேர்த்தே தீர வேண்டும் என்கிறேன். விமானத்திலிருந்து லேசர் மூலம் மலை முழுதும் பனியின் ஆழத்தை அளக்கும் வசதியும் இப்போது உண்டு. ஆனாலும் 1941இன் எண்ணோடு ஒப்பிட, இதே புல்வெளியில் இறங்கும் குழாயைக் கைவிடக் கூடாது. இந்த அளவுகளைக் கொண்டு பிப்ரவரி முதல் மே வரை வெளியாகும் நீர்வரத்துக் கணிப்பைப் பார்த்துத்தான், வெள்ளத்துக்காக அணையில் எவ்வளவு இடம் விடுவது என்பதும், பள்ளத்தாக்கில் எந்த நிலத்தைத் தரிசாகப் போடுவது என்பதும் முடிவாகின்றன.