பதினோரு பக்க ஒப்பந்தம்

ஓய்வு பெற்றவர்களில் பாதிப்பேர் நாவல் எழுதுகிறார்கள். மீதிப்பேர் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல அகப்படுகிறவர்கள். நான் இரண்டாவது ரகம். போன மாதம் என்னிடம் வந்து சேர்ந்தது, என்னைவிட நாலு வயது மூத்த நண்பர் ஒருவருடைய நாவல். பெயர் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கண்ணில் புரை, சர்க்கரை வேறு. ஆனாலும் நீள நோட்டு ஆறு, முழுக்கத் தன் கையால் எழுதியிருக்கிறார்.

கதை எங்கள் புதுச்சேரியில் 1962-ல் நடக்கிறது. அண்ணன் இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. தம்பி தமிழ் வாத்தியார். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று ஒரு வீடு இரண்டாகிறது. அது நண்பரின் சொந்த வீட்டுக் கதை என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் இரண்டு அத்தியாயம் நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் அம்மா மீன் குழம்பை இறக்கி வைக்கிறாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறான். அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது. அடுத்த பதினோரு பக்கம் சரித்திரம். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தது, இணைப்புக்கு 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-ல் அது அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிகளாகவே நீடிக்கலாம், இல்லாவிட்டால் இந்தியர். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மா திரும்பி வருகிறாள். குழம்பு ஆறிப்போயிருக்கும்.

இந்த அனுபவம் எனக்குப் புதிதல்ல. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்கள் தலைமுறைக்கு ழூல் வெர்ன்தான் முதல் நாவலாசிரியர். கடலுக்கடியில் இருபதாயிரம் லீக் போகிற கதையில் பக்கம் பக்கமாக மீன்களின் பட்டியல் வரும். நாங்கள் விரலால் தாண்டித் தாண்டிப் போய் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறிக்கொள்வோம். ஆனால் வெர்னும் விவரம் தெரியாதவர் அல்ல. அதே கதையில் கோன்செய் என்றொரு வேலைக்காரன் வருகிறான். மீன்களின் வகை, இனம், குடும்பம் எல்லாம் மனப்பாடம்; மீனைக் கண்ணெதிரே காட்டினால் பெயர் சொல்லத் தெரியாது. பெயரைச் சொல்வது ஈட்டி எறிகிற நெட் லாண்ட். நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து நாவல் எழுதுகிற எல்லோரையும் பார்க்கும்போது எனக்கு இந்தக் கோன்செய் ஞாபகம் வந்துவிடும்.

ஸோலா வேறு மாதிரி. ழெர்மினால் எழுதுவதற்காக 1884-ல் வட பிரான்சில் ஆன்ஸேன் என்ற நிலக்கரிப் பகுதிக்குப் போய், சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தார். அடுத்த வருஷம் புத்தகம் வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டவர் முதல் அத்தியாயத்தில் சுரங்கத் தொழிலின் வரலாற்றைக் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. வேலை தேடி இரவில் நடந்து வருகிற எத்தியேன் என்ற பையனை, குளிர்காயும் நெருப்பருகே ஒரு கிழவனைச் சந்திக்க வைக்கிறார். கிழவன் இருமித் துப்புவது கறுப்பாக இருக்கிறது. ரத்தமா என்று பையன் கேட்கிறான். கரி என்கிறான் கிழவன். எட்டு வயது நிரம்புமுன் சுரங்கத்தில் இறங்கியவன். அதற்குமேல் நமக்கு என்ன புள்ளிவிவரம் வேண்டும்?

எத்தியேனுக்குச் சுரங்கம் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் கேட்கக் கேட்க நாமும் கற்றுக்கொள்கிறோம். நம் கல்கியும் இதைத்தான் செய்தார். வந்தியத்தேவன் சோழநாட்டுக்குப் புதியவன், அதனால் அவனுக்கு எல்லாவற்றையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். சைவ வைணவச் சண்டை அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கட்டுரை எழுதாமல், ஆழ்வார்க்கடியானைத் தடியோடு நடுத்தெருவில் நிறுத்திவிட்டார். (கல்கியும் இடையிடையே வாசகரை உட்காரவைத்துச் சரித்திரம் சொல்வார்தான். ஆனால் அவர் குரலில் கேட்கச் சுகம். எல்லோருக்கும் அந்தக் குரல் வாய்க்காது.)

இன்னொன்று, முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஃபைலில் முந்நூறு பக்கம் இருக்கும். அதிகாரிக்கு நோட் எழுதும்போது முந்நூறையும் எழுத மாட்டோம். அவர் கையெழுத்துப் போட எது தெரிய வேண்டுமோ அது மட்டும்தான் ஏறும். மீதி ஃபைலிலேயே இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டலாம். நோட்டைப் பார்த்தாலே தெரியும், எழுதியவன் முந்நூறையும் படித்தவனா இல்லையா என்று.

இதையெல்லாம் நண்பரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எடுத்துட்டா தெரியாதவனுக்கு எப்படிப்பா புரியும்? பெரிய தாத்தா மட்டும் ஏன் பாரீஸ்ல இருந்தார்னு என் பேரனே கேக்கறான். நாமளும் போயிட்டா இதைச் சொல்ல யார் இருக்கா?"

அதற்கு நான் என்ன சொல்வது? அவர் பயம் நியாயமானது. எங்கள் ஊரில் அந்த ஆறு மாதத்தை நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

அன்றிரவு அந்தப் பதினோரு பக்கத்தையும் திரும்ப வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தின் அடியில், மற்ற ஷரத்துகளுக்கு நடுவே ஒன்று கிடந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையை அப்பாதான் தீர்மானிக்க வேண்டும்; தான் எழுதிக் கொடுக்கிற பத்திரத்தில் அவர்கள் பெயரையும் குறிப்பிட வேண்டும். நாவலில் அண்ணனுக்குப் பதினாறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சித்தப்பாவிடம் தமிழ் படிக்கிறவள். ஏழாவது அத்தியாயத்தில்தான் அவளுக்கு வாய் திறக்கிறது.

மறுநாள் சொன்னேன்: "அண்ணே, குழம்பு ஆறுறதுக்குள்ள அவளை அங்கே கொண்டாங்க. அப்பா பத்திரத்தில் அவள் பேரை எழுதுறார். பிரெஞ்சு எழுத்துல தன் பேரு தப்பா இருக்குன்னு அவ சொல்றா. எதுக்குப்பா என் பேருன்னு கேக்கறா. சித்தப்பா சோத்துல கையை வச்சபடி உக்காந்திருக்கார். எந்தத் தேதிக்குள்ள குடுக்கணும்னு ஆயா கேக்கறாங்க, மாசி பொறந்து மூணு நாலு நாளோட முடியுதுன்னு பதில் வருது. ஒப்பந்தம் பூரா அதுல வந்துடுச்சு இல்லையா?"

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவ கேட்கலை. அதான் விஷயம். எங்க வீட்டுல அவ கேட்கவே இல்லை," என்றார். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பதினோரு பக்கத்தில் பத்தரை போயிற்று. கீழூரை மட்டும் விடமாட்டேன் என்று பிடிவாதம். ஏன் என்று கேட்டால், அன்றைக்கு அவர் அப்பா அவரை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாராம், எட்டு வயதில். அப்படியானால் சைக்கிளை எழுதுங்கள், 170-ம் 8-ம் தானாகப் பின்னால் வரும் என்றேன்.

கண் ஒத்துழைக்கவில்லை என்பதால் அவர் சொல்லச் சொல்ல இப்போது நான் எழுதுகிறேன். எழுபது தாண்டி மறுபடி டிக்தே. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க முசியே இல்லை, அந்த மட்டில் நிம்மதி. நேற்று வில்லியனூர் தாண்டிவிட்டோம். அங்கே சைக்கிள் செயின் கழன்று, அப்பா வேட்டியெல்லாம் கிரீஸ். பையனுக்குப் பசி. கீழூர் இன்னும் வரவில்லை.